வேண்டாம் என்று சொன்னவர் யாரோடு சாப்பிட்டார்?

மகளே,

திங்கட்கிழமை விடிய உன்னை ஹட்டனில் பஸ் ஏற்றிவிட வேண்டும். உன் அம்மா நேற்றிலிருந்து உன் பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். கம்பளியை வைக்கிறாள், அங்கே வெக்கை என்று ஞாபகம் வந்து எடுக்கிறாள், மனசு கேட்காமல் திரும்பவும் வைக்கிறாள். எனக்கு அந்த வேலையில் இடமில்லை. ஃபெக்டரி முற்றத்தில் என் லொறியில் தேயிலை மூட்டை ஏறிக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை சும்மா இருக்காமல் இதை எழுதுகிறேன். நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் நேரில் நான் பாதியில் ஏதாவது தமாஷ் பண்ணிவிடுவேன், நீ சிரித்துவிடுவாய், விஷயம் நடுவழியில் நின்றுவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. ரிசல்ட் வந்து காத்திருக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் தோட்டத்தில் என்னைக் கண்ட இடத்திலெல்லாம் மடக்கி, "டிரைவர் அண்ணே, என்னா தைரியத்துல பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புறீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் கொழும்புக்குத் தேயிலை போய்ச் சேராது. நீ வாசித்துவிட்டுச் சரி என்றால் இதை வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிடுகிறேன். அதனால்தான் எந்தக் கெம்பஸ், எந்த ஊர் என்று எழுதவில்லை. அங்கே பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களும் நம்மைப் போல வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள்தான்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு நீ ஃபோனில் கோல் எடுத்தபோது நான் வட்டவளைக்கு மேலே ஒரு வளைவில் வந்துகொண்டிருந்தேன். "அப்பா, இன்ஜினியரிங் கெடைக்கும்பா" என்றாய். லொறியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த பஸ்காரன் சிங்களத்தில் என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனான். எனக்கு அழுகை வரவில்லை. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது, அவ்வளவுதான். நீ ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் உன்னை லொறியில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் கூட்டிப்போனேன். மலையிலிருந்து இறங்கும் அந்தப் பெரிய தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டு, "தண்ணிதானே உள்ள போவுது, கரண்டு எப்பிடி வெளிய வருது?" என்று கேட்டாய். உள்ளே ஒரு மெஷின் இருக்கிறது என்றேன். "மெஷின் தண்ணிய என்னா செய்யுது?" என்றாய். எனக்குத் தெரியவில்லை. "மிக்சர சாப்புடு" என்றேன். மிக்சரைச் சாப்பிட்டாய், கேள்வியை விடவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே என் மகள் இவ்வளவு தூரம் ஏறி வந்துவிட்டாளே என்று அந்த வளைவில் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அந்தப் பிரமிப்பு முழுசாகப் போகவில்லை.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எந்தக் கெம்பஸை முதலாவதாகப் போடுவது என்று வந்ததும் வீடு இரண்டு பட்டது. மாமா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கெம்பஸ் உன் அம்மாவுக்கு. கண் காணாத தூரத்தில் இருந்த கெம்பஸ் உனக்கு. நீ ஆசைப்பட்ட பிரிவு அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று உன் கணக்கு டீச்சரும் சொல்லிவிட்டார். உன் அம்மா ஒரே பிடியாக நின்றாள். "அங்கன பூரா போதத் தூளும் ஐஸுமாம். பெரிய புள்ளைங்க பார்ட்டி வச்சி, வராதவங்கள ஒதுக்கி வைக்குதுங்களாம். ஃபோன்ல காட்டுறாங்க. என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துல இருந்தா ஞாயித்துக்கிழம ஒரு வா சோறாச்சும் கண்ணு முன்னால சாப்புடுவா." நான் வெளியில் அவளைக் கேலி பண்ணினேன். உள்ளுக்குள் எனக்கு அவளைவிடப் பயம். சாராயம் குடித்துக் கெட்டவர்களை நம் லயத்து வரிசை வீடுகளில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது, ஆளைத் தூரத்தில் கண்டதுமே தெரியும். இந்தப் புதுச் சாமான்கள் அப்படி இல்லை. நாற்றம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. பிள்ளை நன்றாகத்தான் பேசும், கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். எனக்கு அடையாளம் தெரியாத ஒன்றுக்கு நடுவில் உன்னை எப்படி விடுவது?

பயம் வந்தால் நான் என் தொழிலுக்குப் போய்விடுவேன். லொறி என் முதல் தொழில். இரண்டாவது தொழில் மாப்பிள்ளை விசாரிப்பது. சம்பளம் இல்லாத உத்தியோகம். நாலு ஊர் சுற்றுகிற டிரைவர் என்பதால் நம் லயங்களில் எந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் வந்தாலும், "அண்ணே, அந்தப் பக்கம் போறப்ப ஒரு பேச்சு கேட்டுட்டு வாங்க" என்று என்னிடம்தான் வருவார்கள். நான் மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே போக மாட்டேன். சலூனில் முடி வெட்ட உட்காருவேன், இல்லாவிட்டால் சந்தியில் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் இரண்டு வடையோடு உட்காருவேன். ஊர் நியாயம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தால் ஆள் பற்றி எல்லாம் வந்து விழுந்துவிடும். என்னைப் பற்றி உன் அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உண்டே, மஸ்கெலியாப் பக்கத்து மாப்பிள்ளை கதை. பெண்ணைப் பெற்றவர் குடிதான் பெரிய பயம் என்றார். நான் சுற்று வட்டாரம் முழுக்கக் குடியைப் பற்றியே விசாரித்தேன். ஒரு சொட்டுத் தொடமாட்டான் என்று ஒரே குரலில் சொன்னார்கள். கல்யாணம் முடிந்தது. சொன்னது உண்மைதான், குடிக்கவே இல்லை. வேலைக்கும் போகவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடுகிற நேரத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான். "நீங்க குடிய மட்டும்தானே கேட்டீங்க, தூக்கத்தக் கேக்கலையே" என்று உன் அம்மா இன்றைக்கும் என்னை வாருவாள். அந்தக் கதையிலிருந்து நான் எதுவும் படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

உரம் ஏற்ற அந்தத் தூரத்து ஊர்ப் பக்கம் போகிற வேலை ஒன்று வந்தது. உங்கள் இரண்டு பேரிடமும் சொல்லாமல் லொறியைக் கெம்பஸுக்குக் கிட்ட ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு, வாசலுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர்; அவர்களில் அண்ணனை நானா என்பார்கள். நான் வாயைத் திறந்ததுமே, "ஒங்க பேச்சிலயே தெரியுது, மலைநாட்டு ஆளு. நானும் மஸ்கெலியாவுல வளந்தவன்தான்" என்றார். எனக்குத் தோதாகப் போய்விட்டது. வழக்கம்போல ஊர் நியாயத்தில் ஆரம்பித்து, "பையன்க எல்லாம் எப்பிடி நானா? பழக்கவழக்கம் எப்பிடி?" என்று இறங்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிள்ளையா விசாரிக்கிறீங்க? எந்தப் பொடியன், பேரச் சொல்லுங்க" என்றார். இல்லை என்று நான் சொல்வதற்குள், அங்கே படிப்பிக்கிற ஒரு சேர் இருக்கிறார், தங்கமான மனுசன், இன்னும் கலியாணம் ஆகவில்லை, சொல்லியனுப்பவா என்றும் கேட்டுவிட்டார். "மாப்பிள்ளைக்கு இல்ல நானா, கெம்பஸப் பத்தித்தான் விசாரிக்கிறேன்" என்றேன். "அப்ப கெம்பஸுக்கா பொண்ணு குடுக்கப் போறீங்க?" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? நாலு வருஷம் என் பெண்ணைக் கொடுக்கத்தானே போகிறேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன். பக்கத்து பஸ் ஹோல்ட்டில் ஒரு பையன் சரிந்து உட்கார்ந்திருந்தான். நல்ல சட்டை, மடியில் புத்தகப் பை, வாயோரம் எச்சில். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. பட்டப்பகல். பிள்ளைகள் அவனைத் தாண்டிப் போனார்கள், ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு ஃபோனில் ஏதோ பேசிக்கொண்டே நடந்தாள். உன் வயசுதான் இருக்கும் அவனுக்கு. பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். வீடு வந்து சேர்ந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "மாமா வீட்டுப் பக்கத்து கெம்பஸத்தான் முதலாவதாப் போடணும். நான் கண்ணால பாத்துட்டேன், பேச்சுக்கே எடமில்ல" என்றேன். உன் அம்மா சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நீ அழுது கத்துவாய் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாய். "நீங்க யாருகிட்டப்பா கேட்டீங்க?" என்றாய். கடைக்காரரிடம் என்றேன். "நானும் விசாரிச்சேன்பா" என்றாய். இரண்டு கெம்பஸிலும் படிக்கிற மலையகப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஒவ்வொருவராகப் பேசியிருக்கிறாய். எனக்குத் தெரியாமல் என் உத்தியோகத்தை நீ எடுத்துக்கொண்டுவிட்டாய். அப்புறம் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்னால் அதை மேம்படுத்த முடியாது. "தூள் இருக்கான்னு கேட்டா எல்லா எடத்துலயும் இருக்குன்னுதான்பா சொல்லுவாங்க. நம்ம பஸ் ஸ்டேண்டுலயும் இருக்கு. அதனால நான் அதக் கேக்கல. வேணாம்னு சொன்ன ஆளு அடுத்த நாளு யாரோட ஒக்காந்து சாப்பிட்டாங்கன்னு மட்டும் கேட்டேன்."

நான் எத்தனையோ சலூன்களில் உட்கார்ந்து எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன் மகளே. இப்படி ஒரு கேள்வி எனக்கு ஒருநாளும் வாயில் வந்ததில்லை. உன் அம்மாவும் கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே நின்றாள். மாமா வீட்டுப் பக்கத்து கெம்பஸில் வேண்டாம் என்று சொன்ன ஒரு பையன், மாதக்கணக்கில் கென்டீனில் தனியாகச் சாப்பிட்டானாம். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். கடைசியில் அறையை விட்டுவிட்டு எங்கேயோ தூரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறான். தூரத்து கெம்பஸில் றொசல்லப் பக்கத்துப் பிள்ளை கௌசல்யா. முதல் வருஷம் ஒரு ட்ரிப்பில் அவளுக்கு அந்தச் சாமானை நீட்டியிருக்கிறார்கள், வேண்டாம் என்றிருக்கிறாள், சிரித்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் அவள் தட்டோடு தனியாக உட்கார்ந்தபோது ஒரு சிங்களப் பிள்ளை வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்ததாம். முந்தின நாள் அதை வாங்கிப் போட்ட பிள்ளைகளில் அதுவும் ஒன்று. "உன்னைப் போல எனக்கும் வேண்டாம் என்று சொல்ல வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்ததாம். இன்றுவரை இரண்டு பேரும் ஒரே அறை.

எனக்குத் தோற்கப் பிடிக்காது, உனக்குத் தெரியும். "அதெல்லாம் சரி, படிக்கிற புள்ளைங்க எதுக்கு இந்தக் கருமத்தத் தொடுதுங்க? திமிருதானே?" என்றேன். "கொஞ்சப் பேருக்குத் திமிரு. கொஞ்சப் பேரு பரீட்சைக்கு முழிச்சிருக்க மாத்திர போடுறாங்க, பொறகு தூங்குறதுக்கு இன்னொன்னு. நீங்க கொழும்புக்குப் போறப்ப ஏம்பா பொயில போடுறீங்க?" என்றாய். "தூக்கம் வராம இருக்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அடுப்படியில் உன் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரித்ததால் தப்பித்தேன், இல்லாவிட்டால் உன்மேல் பாய்ந்திருப்பேன். பொயிலையைக் குறைத்திருக்கிறேன். விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான், இந்தப் பலகையை வாசிக்கிற எல்லாருக்கும் என் வாய் தெரியும் என்பதால் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் அங்கே போனோம். கௌசல்யா வாசலில் காத்திருந்தாள். நீ அவளோடு உள்ளே போனதும் எதிர்ப்படுகிற பிள்ளைகளிடமெல்லாம் சிங்களத்தில் கேள்வி கேட்டாய். பகிடிவதை, அதுதான் ரேகிங், எப்படி, ஹொஸ்டலில் யார் பொறுப்பு, பாட்டுக் கச்சேரிக்கு, விளையாட்டுக்கு எல்லாரும் போகலாமா, போகாவிட்டால் என்ன ஆகும் என்று. வீட்டில் வாயைத் திறக்க யோசிக்கிற பிள்ளை நீ. நான் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு வந்தேன். மின்சார ஆய்வுகூடத்தை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். அந்தப் பெரிய மெஷின்களுக்கு நடுவில் நம் தோட்டத்துப் பிள்ளைகளை ஒத்த பிள்ளைகள் சாதாரணமாக நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். கோயில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி எனக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் போல இருந்தது. நீ கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாய். உன்னைப் பார்ப்பதா உள்ளே பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மறக்கவில்லை. "அன்னைக்குப் பாதியில எழும்பிப் போயிட்டீங்களே. அந்தப் புள்ள ஃபோன்ல பேசிக்கிட்டுப் போனிச்சே, அது அவனோட கூட்டாளிமாரத்தான் கூப்பிட்டிச்சு. வந்து முகத்தக் கழுவி, ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. இப்ப மருந்து எடுக்குறான், கிளாஸுக்கும் வாறான்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதைக் கண்டு அவர் கையை உயர்த்தினார். "எல்லாத்துக்கும் ஆள் வாறதில்ல, தெரிஞ்சுக்கங்க. போன வருஷம் ஒருத்தன ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரவே இல்ல. ஒங்க புள்ளைக்கிட்டச் சொல்லி வைங்க." சொல்லி வைக்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன். அங்கே ஆபத்து இல்லை என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நான் ஒரு பாதியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவன். நல்ல பாதியை மட்டும் பார்த்துவிட்டு நீ மயங்கிவிடாதே.

பயந்துகொண்டு அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கவும் வேண்டாம். பாட்டு இருந்தால் போ, ட்ரிப் இருந்தால் போ, சிரி, ஆடு. உன் அம்மாவுக்கு ஆடுகிற ஃபோட்டோவை மட்டும் அனுப்பாதே. படிப்பு பாதி, மனுசர் பாதி என்றுதான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கென்டீனில் யாராவது தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தால் நீ போய் ஒரு கதிரையை இழுத்துப் போடு. அவர் வேண்டாம் என்று சொன்னவராக இருந்தாலும் சரி, வாங்கிப் போட்டு இப்போது வெட்கப்படுகிறவராக இருந்தாலும் சரி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ ஜன்னல் பக்கம் இருந்தாய். நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். "எல்லாருகிட்டயும் விசாரிச்சியே, ஒன்னையே விசாரிச்சியா? ஒருநாளு நீயே ஆசப்பட்டுட்டா என்னா செய்வ?" என்றேன். அப்படி நடக்காது என்று சத்தியம் பண்ணுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ "தெரியாதுப்பா" என்றாய். பொய் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம், செய்யவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு ஒங்களுக்குத்தான் கோல் எடுப்பேன். ஏசாம கேப்பீங்களா?" என்றாய்.

நான் டிக்கட்டைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் துழாவினேன். நீ மறுபடி கேட்கவில்லை, தூரத்து கெம்பஸை முதலாவதாகப் போட்டபோதும் கேட்கவில்லை, கிடைத்துவிட்டது என்று வந்தபோதும் கேட்கவில்லை. ஆனால் நான் லொறியில் போகிற ஒவ்வொரு பயணத்திலும் அதற்குப் பதிலைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். ஏச மாட்டேன் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். ஆனால் பஸ்ஸில் நீ எனக்குப் பொய் சொல்லவில்லையே, நான் மட்டும் எப்படி உனக்குப் பொய் எழுதுவது?

ஏசுவேன் மகளே. ஏசாமல் இருக்க எனக்கு வராது. நீ ஃபோனை மட்டும் வைத்துவிடாதே. ஏசிக்கொண்டேதான் செருப்பை மாட்டுவேன், ஏசிக்கொண்டேதான் பஸ் ஏறுவேன், நான் ஏசி முடிக்கும்போது உன் பக்கத்தில் இருப்பேன்.

உன் அப்பா